சூரியத் தகடுகளைச் சோதிக்குங் கருவிகள்

நல்லம்பள்ளியானது தருமபுரியினின்று சேலம் செல்லும் பெருவழியில், தொப்பூர்க் கணவாய்க்கு வடபால் அமைந்ததோர் ஊர். அடிக்கடி வறட்சிக்கு உள்ளாகும் மேட்டுநிலமாதலின், இப்பக்கத்துக் குடியானவர் ஆழ்குழாய்க் கிணறுகளைப் பெரிதும் நம்பியிருக்கின்றனர். மத்திய அரசாங்கத்தார் 2019ஆம் ஆண்டில் குசும் என்னுந் திட்டத்தால் சூரிய சக்திப் பம்புகளுக்கும், 2024ஆம் ஆண்டில் சூரிய கர் திட்டத்தால் வீட்டுக்கூரைத் தகடுகளுக்கும் பொருளுதவி செய்யத் தொடங்கினர். ஆகவே, நம் கல்லூரியிற் பௌதிகம் பயின்று வெளியேறும் இளைஞர் சிலர்க்கேனும் இத்தகடுகளை அமைப்பது ஒரு ஜீவனமாகக்கூடும். அத்தகையோர் கைப்பொருள் சிறிதாயிருக்குங்கால் எக்கருவியை முன்னர் வாங்குவது, எதனைப் பின்னர் வாங்குவது என்பதே ஈண்டு ஆராயப்படும் விஷயம்.

வீட்டு மின்சாரத்தில் வேலை செய்வோன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கம்பியைத் தொடலாம். சூரியனை அணைக்க எவராலுங் கூடாது. வெயிலுள்ள மட்டும் தகடுகளில் மின்னழுத்தம் இருந்தே தீரும். அன்றியும், இஃது ஒரே திசையில் ஓடும் டி.ஸி. மின்சாரம். ஏ.ஸி. மின்சாரம் வினாடிக்குப் பன்முறை சூனியத்தைத் தொட்டு மீளுவதால், அதிலெழும் பொறி தானே அவிந்துபோகும். டி.ஸி.யில் எழும் பொறியோ அவ்வாறு அவியாது. இணைப்பைப் பிரிக்கப் பிரிக்க நீண்டு எரியும்.

இக்காரணம் பற்றியே கிளாம்ப் மீட்டரை முதலிற் கூறுகின்றேன். கடைகளில் மலிவாய்க் கிடைப்பவற்றிற் பல ஏ.ஸி.யை மட்டும் அளப்பவை. அவற்றை ஒரு தகட்டு வரிசையின் கம்பியில் மாட்டினால், 13 ஆம்பியர் ஓடிக்கொண்டிருப்பினும் முகப்பிற் பூஜ்யமே தோன்றும். அதனை நம்பி இணைப்பைப் பிடுங்குவோன் கை வெந்துபோம். எட்வின் ஹால் என்பார் 1879இற் கண்ட விளைவை ஆதாரமாகக் கொண்டு டி.ஸி.யையும் அளக்கும் கிளாம்ப் மீட்டரே நமக்கு வேண்டுவது. வாங்குமுன் அதன் முகப்பில் டி.ஸி. ஆம்பியர்க் குறி உளதா எனப் பார்த்துக்கொள்க. உடன் வாங்கும் மல்டிமீட்டரும் அதன் ஊசிக்கம்பிகளும் 1000 வோல்ட், கேட்-3 என்னுந் தரம் பெற்றிருத்தல் அவசியம்.

இனி வெப்பமானியைப் பற்றி. இதனைப் பலர் வீண் செலவென்று எண்ணுவர்; யான் அவ்வாறு எண்ணேன். 540 வாட் தகடுகள் பத்தை வரிசையாய்த் தொடுத்திருப்பதாகவும், ஒவ்வொன்றின் திறந்தநிலை மின்னழுத்தம் 49.5 வோல்ட் எனப் பின்புறத்தே பொறித்திருப்பதாகவும் கொள்வோம். மொத்தம் 495 வோல்ட். ஆனால் அக்கணக்கு தகட்டின் வெப்பம் 25 டிகிரியாயிருக்கும் நிலைக்கு உரியது. சித்திரை வெயிலில் தகடு 65 டிகிரி வரை சுடக்கூடும். டிகிரி ஒன்றுக்கு நூற்றுக்கு 0.28 வீதங் குறையுமாயின், 40 டிகிரிக்கு 11.2 வீதம் போய், ஏறக்குறைய 440 வோல்ட்டே நிற்கும். இதனை அறியாதான் பழுதில்லாத தகடுகளைப் பழுதென்று கழற்றுவான். மற்றொரு புறம் நோக்குக. தகடொன்றின் மூன்று பகுதிகளிலொன்று பைபாஸ் டயோடு கெட்டமையால் ஓய்ந்துவிட்டால், குறைவது 15 வோல்ட்டுக்கு உட்பட்டதே. வெப்பத்தைப் பத்துப் பதினோரு டிகிரி பிழையாக மதித்தாலும் அதே அளவு வேறுபாடு நேரும். வெப்பமானி இல்லாதவனுக்கு அப்பழுது புலப்படுவதெங்ஙனம்? இரண்டு வரிசைகள் உள்ள இடத்தில் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒற்றை வரிசையுடைய சிறு விவசாயியின் நிலத்தில் அந்த வசதி இல்லை.

வெயிலின் வலிமையை அளக்குங் கருவியும் இதனோடு சேர்ந்ததே. சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி என்பது தகட்டில் எழுதிய திறனுக்கு ஆதாரம். கண்ணுக்குரிய வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் இதற்கு உதவாது. தகட்டைப் போலவே சிலிகனாலான உணர்வியுடைய சிறு கருவி போதும். அதனைத் தகட்டின் சாய்விலேயே வைத்து அளக்கவேண்டும்.

மெக்கரின்றி எவ்வமைப்பையும் உடையவர் கையில் ஒப்புவித்தல் ஆகாது. சர்வதேச மின்தொழில் ஆணைக்குழுவின் 62446 எனும் எண்ணுள்ள விதிப்படி, பொறித்த வோல்ட்டை ஒன்றேகால் மடங்காக்கிக் கணக்கிடல் வேண்டும். மேற்சொன்ன வரிசைக்கு அது 619 ஆதலின், வீட்டுக் கம்பிகளைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் போதாது. 1000 வோல்ட் வேண்டும். காப்புத் தடை ஒரு மெகா ஓமுக்குக் குறைதலாகாது. சோதிக்குமுன் இன்வெர்ட்டரையும் மின்னெழுச்சி தடுப்பானையும் பிரித்துவைக்காவிடின் அவை கெடும். உலர்ந்த பகலில் நன்றெனத் தோன்றுங் கம்பி, மழை பெய்த மறுநாட் காலையில் தன் கீறலைக் காட்டுவதுண்டு. கூடுமாயின் அப்பொழுதும் ஒருமுறை சோதிக்க. சரளை நிலத்தில் நிலத்தொடர்பின் தடை மிகுமாதலின் எர்த் டெஸ்டரும் வேண்டும்.

வெப்பப்படக் கருவியும், மின்னோட்ட மின்னழுத்த வளைகோட்டை வரையுங் கருவியும் விலை மிகுந்தவை. அவற்றை நாலைந்து பேர் கூடி வாங்கிக்கொள்ளலாம், அல்லது நாள் வாடகைக்குப் பெறலாம். தொடக்கத்தில் அவற்றுக்குக் கடன் வாங்குவது எனக்கு உடன்பாடன்று. எக்கருவியாயினும் அளவுத்திருத்தச் சான்றிதழின் தேதியைப் பார்த்து வாங்குக. அமைத்த முதல்நாள் எடுத்த வோல்ட், ஆம்பியர், வெப்பம், ஒளி ஆகியவற்றை நேரத்தோடு எழுதி, பிரதியொன்றைக் குடியானவரிடங் கொடுத்துவிடுக. ஐந்தாண்டு கழித்துப் பம்பு தளர்ந்தால், உத்தரவாதத்தைக் கேட்க அவருக்குள்ள சாட்சி அத்தாளே.