பௌர்ணமி நிலவில் முதல் கதிர்!

குட்டி நண்பர்களே, "புதிர்" என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? மூளையைக் கசக்கி விடை கண்டுபிடிக்கும் கேள்விதானே? இன்னொரு புதிரும் இருக்கிறது. அது வயலில் விளைகிறது! புதிதாக விளைந்த நெல்லில் முதன்முதலாக அறுக்கும் கதிருக்கும் தமிழில் புதிர் என்றுதான் பெயர். நல்ல நாள் பார்த்து முதல் கதிரை அறுத்து, சாமிக்குப் படைத்து, புத்தரிசிச் சோறு உண்பதைப் "புதிர் எடுத்தல்" என்பார்கள். இலங்கைத் தமிழர்கள் தைப்பூசத்தை ஒட்டிப் புதிர் எடுப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டக் கோயில்களில் "நிறைபுத்தரிசி" என்ற விழா நடக்கும்.

இதே விழாவை மலை மேல், பௌர்ணமி நிலவில், துப்பாக்கி வெடித்துக் கொண்டாடும் மக்களும் இருக்கிறார்கள். கர்நாடக மாநிலம் குடகு மலையில் வாழும் கொடவர்கள்தான் அவர்கள். அவர்கள் விழாவின் பெயர் "புத்தரி". புது அரிசி என்று நாமே பொருள் சொல்லிவிடலாம்.

காவிரி பிறக்கும் மலை

குடகு மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அங்குள்ள தலைக்காவிரியில்தான் காவிரி பிறக்கிறது. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி வங்காள விரிகுடாவில் கலக்கிறது. வழியில் திருச்சிக்கு அருகே முக்கொம்பில் பிரியும் அதன் கிளைதான் கொள்ளிடம்.

அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொள்ளிடம் புதிதல்ல. ஆலத்தியூர் போன்ற ஊர்கள் மானாவாரிப் பூமி. மழையை நம்பிப் பருத்தி, மக்காச்சோளம் என்று பயிர் வைப்பார்கள். அதே மாவட்டத்தின் தெற்கே திருமானூர், தா.பழூர் பக்கம் போனால் பச்சைப்பசேல் என்று நெல்வயல்! கொள்ளிடத்தை ஒட்டிய பூமி அது. அந்த ஆற்றின் தாய்வீடு குடகு. அதனால் குடகு வயல்களின் கதை நமக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கதை மாதிரிதான்.

"மலையில் எப்படி நெல் விளையும்? தண்ணீர் கீழே ஓடிவிடாதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! குடகில் மலைச்சரிவுகளில் காபித் தோட்டங்கள். இரண்டு சரிவுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கில்தான் நெல்வயல்கள். மேலே பெய்யும் மழை வழிந்து இந்தப் பள்ளத்துக்கு வந்து சேரும். வயல்களைப் படிப்படியாக வெட்டி வரப்புக் கட்டியிருப்பதால், மேல் வயல் நிரம்பியதும் அடுத்த வயலுக்குத் தண்ணீர் இறங்கும்.

சேற்றில் ஓட்டப் பந்தயம்

தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது நாற்றங்கால் விடுவார்கள். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கொட்டும் மழையில் நடவு நடக்கும். பெரிய வயலில் நடவு முடிகிற நாளில் முன்பெல்லாம் ஒரு வேடிக்கை உண்டு. வயலின் நீளத்துக்கு ஒரு பாதை அகலம் நடாமல் விட்டுவிடுவார்கள். அந்தச் சேற்றில் ஓட்டப் பந்தயம்! ஜெயித்தவருக்கு வாழைத்தார், தேங்காய் என்று பரிசு. சேற்று வயல் விளையாட்டுப் போட்டிகள் இன்றைக்கும் குடகில் நடக்கின்றன.

ஆடிப்பெருக்கு நமக்குத் தெரியும். ஆடி 18-ம் நாள் காவிரிக் கரையில் கலந்த சாதம் கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடுவோம். அதே நாளில் குடகிலும் ஒரு விசேஷம். அங்கே ஆடி மாதத்துக்குக் "கக்கட" என்று பெயர். கக்கட 18-ல் ஒரு மூலிகைச் செடியின் இலைகளை வேகவைத்து, அந்தச் சாற்றில் அரிசி சேர்த்துப் புட்டும் பாயசமும் செய்வார்கள். நாவல்பழம் போல ஊதா நிறத்தில் இருக்கும். சாப்பிட்ட பிறகு சிறுநீரும் சிவப்பு நிறமாகிவிடும்! வெளியூர்க்காரர்கள் பயந்துபோவார்கள், குடகுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நடவு மழையில் நனைந்த உடம்புக்கு இது நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை.

நடவு வேலைகள் முடிந்ததும் செப்டம்பரில் "கைல்பொள்து" வரும். அன்று துப்பாக்கி, கத்தி ஆகியவற்றைப் பூவால் அலங்கரித்துப் பூஜை செய்வார்கள். பயிர் வளரும் காலத்தில் காட்டு விலங்குகளிடமிருந்து அதைக் காக்க வேண்டுமே!

அக்டோபர் நடுவில், நமக்கு ஐப்பசி பிறக்கும்போது, காவிரி சங்கராந்தி. தலைக்காவிரியில் கூட்டம் அலைமோதும். அப்போது நெல்வயல்களில் காட்டுக்கொடி வளையம் சுற்றிய குச்சிகளை நட்டுவைப்பார்கள். பயிருக்கும் ஒரு காப்பு!

நாள் குறிக்கும் கோயில்

இனி அறுவடைதானே, அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விடலாமா? கூடாது. முதல் கதிரை எப்போது அறுப்பது என்று கக்கபே ஊருக்கு அருகே உள்ள பாடி இக்குத்தப்பா கோயிலில்தான் முடிவாகும். இக்குத்தப்பா கொடவர்களுக்கு மழையும் நெல்லும் தரும் தெய்வம். ரோகிணி நட்சத்திரத்தையும் பௌர்ணமியையும் கணக்குப் பார்த்து நாள் குறிப்பார்கள். பெரும்பாலும் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ அமையும்.

நாள் மட்டுமல்ல, நேரமும் உண்டு. இலை கட்ட ஒரு நேரம், கதிர் அறுக்க ஒரு நேரம், சாப்பிட ஒரு நேரம்! முதலில் இக்குத்தப்பா கோயிலில் கதிர் அறுப்பார்கள். அதன் பிறகே மற்ற ஊர்களில் அறுக்க வேண்டும்.

பொலி பொலி தேவா!

கொடவர்களில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பூர்வீக வீடு உண்டு. குலத்தை "ஒக்க" என்றும், அந்த வீட்டை "ஐன்மனை" என்றும் சொல்வார்கள். பெங்களூரில் வேலை பார்ப்பவர், வெளிநாட்டில் படிப்பவர் என்று முடிந்தவர்கள் எல்லாம் புத்தரிக்கு ஐன்மனைக்கு வந்துவிடுவார்கள். வீட்டை மாவிலையாலும் பூவாலும் அலங்கரித்திருப்பார்கள்.

மாலையானதும் முதல் வேலை, இலை கட்டுவது. மா, அரசு உட்பட ஐந்து வகை மரங்களின் இலைகளைச் சேர்த்து நாரால் கட்டுவார்கள். பிறகு வீட்டுப் பெரியவர் அரிவாளை எடுத்துக் கொடுப்பார். ஒரு பெண் தட்டில் அரிசியும் விளக்கும் ஏந்தி முன்னே நடக்க, எல்லோரும் வரிசையாக வயலுக்குப் போவார்கள். மேலே முழு நிலா. இரண்டு பக்கமும் முற்றிய கதிர்கள். கற்பனை செய்து பாருங்கள்!

வயலில் பயிரின் அடியில் பால் ஊற்றி வணங்குவார்கள். குறித்த நேரம் வந்ததும் வானத்தை நோக்கி ஒரு வேட்டு! உடனே எல்லோரும் ஒரே குரலில், "பொலி பொலி தேவா!" என்று முழங்க, முதல் கதிர் அறுபடும். ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் அறுப்பார்கள். பக்கத்து மலையிலிருந்தும் வேட்டுச் சத்தம் கேட்கும். அங்கேயும் கதிர் அறுத்தாயிற்று என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு மத்தாப்பும் பட்டாசும் உண்டு.

"பொலி" என்ற சொல் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் ஊர்க் களத்திலும் நெல்லை அள்ளும்போது "பொலியோ பொலி" என்று சொல்லும் வழக்கம் உண்டு. பொலிக என்றால் பெருகட்டும், செழிக்கட்டும். தமிழும் கொடவ மொழியும் ஒரே திராவிடக் குடும்பத்து மொழிகள். அதனால்தான் அந்த மலையில் ஒலிக்கும் சொல் நமக்கும் புரிகிறது.

கதிர்க் கட்டை அதே "பொலி பொலி" முழக்கத்தோடு வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். ஐன்மனையில் புனிதமாகக் கருதும் தூண் ஒன்று இருக்கும். அதில் இலைக்கட்டோடு சேர்த்துக் கதிரைக் கட்டுவார்கள். வாசல், கிணறு என்று முக்கியமான இடங்களிலும் கட்டுவார்கள். சிறியவர்கள் பெரியவர்களின் காலைத் தொட்டு ஆசி வாங்குவார்கள்.

அப்புறம் விருந்து! பழுத்த வாழைப்பழத்தை வறுத்த அரிசி மாவோடு பிசைந்து செய்யும் "தம்புட்டு", வேகவைத்த கிழங்கு, புத்தரிசிப் பாயசம் எல்லாம் இலையில் இருக்கும்.

அடுத்த சில நாட்களில் ஊர்ப் பொது மைதானத்தில் ஆண்கள் கோலாட்டம் ஆடுவார்கள். அந்த மைதானத்துக்கு "மந்த்" என்று பெயர். நம் இலக்கியங்களில் வரும் "மன்று" என்ற சொல்லின் உறவுதான் இதுவும். இளைஞர்கள் வீடு வீடாகப் போய் ஆடுவார்கள். கிடைக்கும் பணத்தைச் சேர்த்து ஊருக்கே ஒரு நாள் விருந்து வைப்பார்கள்.

வயல் இல்லாமல் விழாவா?

இத்தனை அழகான விழாவுக்கு ஒரு சிக்கல் வந்திருக்கிறது. தீபாவளிக்குப் பட்டாசைக் கடையில் வாங்கலாம். புத்தரிக்கு வேண்டியதோ வயலில் நிற்கும் நெற்கதிர். அதைப் போய் அறுக்க வேண்டும். வயல் இல்லாவிட்டால்?

குடகில் நெல் விளையும் பரப்பு குறைந்துகொண்டே வருகிறது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை. காட்டு யானைகள் வயலில் இறங்கிப் பயிரை மிதித்துவிடுகின்றன. செலவுக்கும் உழைப்புக்கும் ஏற்ற வருமானம் நெல்லில் இல்லை. அதனால் சில வயல்கள் தரிசாகக் கிடக்கின்றன. சிலவற்றில் இஞ்சியோ காபியோ பயிராகிறது. சில இடங்களில் கட்டடங்கள் எழும்பிவிட்டன. 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் மலைச்சரிவுகள் சரிந்து, பல வயல்களை மண் மூடிவிட்டது.

அந்த விவசாயிகளைக் குறை சொல்ல முடியாது. நஷ்டத்தில் எத்தனை வருடம்தான் பயிர் செய்வது? சொந்தத்தில் நெல் பயிரிடாத குடும்பங்கள் பக்கத்து வயலிலோ கோயில் வயலிலோ கதிர் எடுக்கின்றன. நகரங்களில் கொடவர் சங்கங்கள் ஒன்றுகூடிக் கொண்டாடுகின்றன.

நெல்வயல் குறைந்தால் விழா மட்டுமா போகும்? பள்ளத்தாக்கு வயல் ஒவ்வொன்றும் ஓர் அகலமான தட்டு மாதிரி. மழைத் தண்ணீரை மாதக்கணக்கில் தாங்கி நிற்கும். அது மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கி, ஊற்றாகவும் ஓடையாகவும் வெளியே வரும். அந்த ஓடைகள்தான் சேர்ந்து ஆறாகின்றன. காட்டோடு சேர்ந்து வயல்களும் மழையைப் பிடித்து வைக்கும் வேலையைச் செய்கின்றன. தட்டுகளை மூடிவிட்டால் மழை பெய்த வேகத்தில் ஓடிவிடும். நண்டு, தவளை, நத்தை, கொக்கு எல்லாவற்றுக்கும் வீடும் போய்விடும்.

பாட்டுப் பாடும் படிக்கட்டு வயல்கள்

இந்தக் கவலை குடகுக்கு மட்டும் இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் லூசோன் தீவின் மலைகளில் இஃபுகாவோ என்ற மக்கள் வாழ்கிறார்கள். செங்குத்தான மலையையே படிக்கட்டுப் படிக்கட்டாக வெட்டி நெல் விளைவித்தவர்கள். அறுவடையின்போது பெண்கள் "ஹுட்ஹுட்" என்ற நீண்ட கதைப்பாட்டைப் பாடுவார்கள். நெற்களஞ்சியத்துக்குக் காவலாக மரத்தில் செதுக்கிய "புலுல்" சிலைகளை வைப்பார்கள்.

அந்த வயல்களை 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, வயல்கள் பாழாகத் தொடங்கின. 2001-ல் "ஆபத்தில் உள்ள சின்னங்கள்" பட்டியலில் அவை சேர்க்கப்பட்டன. பிறகு அரசும் மக்களும் சேர்ந்து இடிந்த சுவர்களையும் வாய்க்கால்களையும் சீர்செய்தார்கள். 2012-ல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. மனது வைத்தால் வயலை மீட்க முடியும் என்பதற்கு இது சாட்சி!

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த முறை தட்டில் சோறு விழும்போது, "இது என்ன ரகம்? எந்த ஊரில் விளைந்தது?" என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தாத்தா, பாட்டியிடம் புதிர் எடுத்த கதையைக் கேளுங்கள். களத்தில் என்ன சொல்வார்கள், முதல் கதிரை எங்கே கட்டுவார்கள், புத்தரிசியில் என்ன சமைப்பார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம் ஊரிலும் பல வீடுகளில் இவை மறந்துகொண்டே வருகின்றன.

கார்த்திகை மாதப் பௌர்ணமி வரும்போது நிலாவை அண்ணாந்து பாருங்கள். அதையொட்டிய ஓர் இரவில்தான், காவிரி பிறக்கும் மலையில் உங்கள் வயதுப் பிள்ளைகள் வயல் வரப்பில் நின்று குரல் கொடுப்பார்கள். நீங்களும் இங்கிருந்தே சேர்ந்து சொல்லலாம்.

பொலி பொலி!

தெரிந்துகொள்வோம்!

* இடியாப்பத்துக்குக் குடகில் "நூல்புட்டு" என்று பெயர். பெயரே உருவத்தைச் சொல்லிவிடுகிறது!

* அரிசி நொய்யை வேகவைத்துப் பந்து போல உருட்டி, ஆவியில் அவிப்பது "கடம்புட்டு". குடகின் புகழ்பெற்ற உணவு இது.

* குடகின் மிக உயரமான சிகரம் தடியாண்டமோள். சுமார் 1,750 மீட்டர் உயரம். நாள் குறிக்கும் இக்குத்தப்பா கோயில் இதன் அருகில்தான் இருக்கிறது.