பச்சை மணலை அரித்தெடுக்கும் கடல்

ஹவாய்த் தீவுகளிலேயே பெரிய தீவின் தென்கோடியில் கா லே முனை இருக்கிறது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதற்குத் தெற்கே நிலம் கிடையாது. பாலினீசியக் கடலோடிகள் தோணிகளைக் கட்டிவைக்கப் பாறையில் குடைந்த துளைகளை இன்றும் இங்கே பார்க்கலாம். இந்தப் பகுதியோடு சாலை முடிந்துவிடுகிறது. கரையோரமாக ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நடந்தால் பாப்பகோலேயா கடற்கரை வரும். வழியில் நிழலும் இல்லை, குடிநீரும் இல்லை. ஓயாத வியாபாரக் காற்றில் இப்பகுதி மரங்கள்கூட ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருக்கின்றன. செம்மண் தடத்தில் நடந்து, குன்றின் சரிவில் இறங்கினால் காலடியில் கிடப்பது பச்சை மணல்.

ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினால் விஷயம் தெளிவாகும். வெயிலில் மின்னும் பச்சைப் பரல்கள்தான் பெரும்பகுதி. இடையிடையே கருப்பு எரிமலைத் துணுக்குகள், வெள்ளைச் சிப்பித் தூள், பவளத் தூள். அந்தப் பச்சைப் பரல் ஆலிவைன் என்னும் கனிமம். மெக்னீசியமும் இரும்பும் சிலிக்கேட்டும் சேர்ந்தது. பச்சை நிறம் இரும்பு தருவது. இதே கனிமம் பெரிதாகவும் தெளிவாகவும் கிடைத்தால் பெரிடாட் என்ற பெயரில் நகையில் பதிப்பார்கள்.

பூமியின் மேலோட்டுக்குக் கீழேயுள்ள அடுக்கின் மேற்பகுதியில் மிகுதியாக இருப்பது ஆலிவைன்தான். ஹவாயின் எரிமலைக் குழம்பு குளிரத் தொடங்கும்போது முதலில் படிகமாகிப் பிரிவதும் அதுவே. சுமார் 49,000 ஆண்டுகளுக்கு முன்பு இவ்விடத்தில் எழுந்த பூ மஹானா என்ற எரிமலைக் கூம்பின் சாம்பலில் அந்தப் படிகங்கள் ஏராளமாகச் சிக்கிக்கொண்டன. இன்று அந்தக் கூம்பின் ஒரு பக்கத்தை அலை தின்றுவிட்டது. எஞ்சிய சுவர்தான் கடற்கரையைச் சூழ்ந்து நிற்கும் குன்று.

அடுத்த வேலை கடலுடையது. அரிசியைத் தண்ணீரில் அரிக்கும்போது அரிசி நீரோடு போக, கல் அடியில் தங்கும் அல்லவா? இங்கே அலை செய்வதும் அதுதான். ஆலிவைன் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.3 கிராம் எடையுள்ளது. சாம்பலும் எரிமலைக் கண்ணாடித் துகளும் அதைவிட இலேசு. இலேசானவற்றை அலை வாரிக்கொண்டு போக, கனமான பச்சைப் பரல்கள் கரையிலேயே தங்குகின்றன.

அப்படியானால் ஆலிவைன் உள்ள கரையெல்லாம் ஏன் பச்சையாக இல்லை? இந்தக் கனிமத்துக்கு ஆயுள் குறைவு. நீரும் காற்றும் பட்டால் குவார்ட்ஸைவிட வெகு வேகமாகச் சிதைந்துபோகும். புதிதாகப் பரல்களைத் தரும் குன்று பக்கத்திலேயே இருந்தால்தான் நிறம் நிலைக்கும். உலகில் பச்சை மணல் கடற்கரைகள் விரல்விட்டு எண்ணும்படி இருப்பது இதனால்தான். பாப்பகோலேயாவிலும் கூம்பு முழுதும் கரைந்து தீரும் நாளில் பச்சை மறையும்.

நம் தென்கோடியிலும் கடல் இப்படித்தான் மணலை அரிக்கிறது. கன்னியாகுமரியின் சிவப்பு மணலில் இருப்பது கார்னெட். கருப்பு மணலில் இல்மனைட். மணவாளக்குறிச்சியில் இவற்றோடு தோரியம் கொண்ட மோனசைட்டும் உண்டு. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். பின்பு தாது மணல் பெரும் தொழிலாக வளர்ந்தது. கரை கரையாகத் தோண்டப்பட்டது. 2013-இல் தமிழக அரசு கார்னெட் மணல் அள்ளத் தடை விதிக்கும் அளவுக்குப் பிரச்சினை முற்றியது.

பாப்பகோலேயாவில் மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம். ஆனாலும் சேதம் நிற்கவில்லை; நடக்க மனமில்லாதவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் ஓடுகின்றன. சக்கரத் தடங்கள் ஆள் உயரத்துக்குச் செம்மண்ணைக் கிழித்திருக்கின்றன. மழையில் அந்த மண் கடலுக்குப் போகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கடல் பரல் பரலாகச் சேர்த்த மணல் இது. குன்று கரைந்தபின் மீண்டும் சேர வழியே இல்லை. இத்தகைய இடங்களுக்கு நடந்தே போக வேண்டும். மணலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவர வேண்டும்.