உங்களுக்குத் தெரியுமா? அந்தமானில் நீந்திய யானை

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது நிலையம் திரிசூலம். எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம். அங்கிருந்து இரண்டே கால் மணி நேரம் பறந்தால் அந்தமான். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள்!

அங்கிருந்து படகில் போனால் ஹேவ்லாக் தீவு. 2018 முதல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். அதன் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய காட்டில், மரங்களை வெட்டித் தள்ளாமல் குடில்கள் அமைத்த சூழல் விடுதி ஒன்றில்தான் ராஜன் என்ற யானை வாழ்ந்தது. மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்ட யானை அது. அந்தக் காலத்தில் வேலை யானைகள் தீவு விட்டுத் தீவுக்குக் கடலில் நீந்தியே போகும். தும்பிக்கை நுனி மட்டும் நீருக்கு மேலே, மூச்சுக்காக.

2002இல் உச்ச நீதிமன்றம் அந்தமானில் இயற்கையாக வளர்ந்த மரங்களை வெட்டத் தடை விதித்தது. பாரம் இழுத்த யானைகளுக்கும் அதுவே விடுதலை. ராஜன் அதன்பிறகும் கடலில் நீந்தியது. அதைப் படமெடுக்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். 2016இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், அது இறந்தது.