அட்ரீனல் கட்டியும் அணுப்படத்தின் சாட்சியமும்

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளின் உட்பகுதியில் அபூர்வமாகத் தோன்றும் ஃபியோக்ரோமோசைட்டோமா என்னும் கட்டி, உருவில் சிறிதாயினும், அட்ரினலினையும் நார் அட்ரினலினையும் மிதமிஞ்சி ரத்தத்தில் கலந்து, திடீரென ஏறும் ரத்த அழுத்தம், படபடப்பு, தலைவலி, வியர்வை முதலிய உபத்திரவங்களை விளைவித்து, சமயத்தில் பிராணனுக்கே அபாயமாய் முடியும். அதைத் தேடும் சாதனங்களுள் பிரசித்தமானது எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன் என்னும் அணுப்படம்.

நார் அட்ரினலினை ஒத்த ஒரு ரசாயனத்தில் கதிரியக்க அயோடினைச் சேர்த்து ஊசி வழியே செலுத்தினால், கட்டியின் உயிரணுக்கள் அதைத் தம் சொந்தச் சரக்கெனக் கொண்டு உள்ளிழுத்துச் சேமித்துக்கொள்ள, மறுநாள் எடுக்கும் படத்தில் அவ்விடம் துலக்கமாகத் தெரியும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்த இம்முறை 1981 முதல் நோயாளிகளுக்குப் பயன்பட்டு வருகிறது. எனினும் படம் சொல்வது ரசாயனம் எங்கே தங்கிற்று என்பது மாத்திரமே. தங்கிய காரணத்தை வைத்தியரே ஊகித்தறிய வேண்டும்.

லேபட்டலால் என்னும் ரத்த அழுத்த மருந்தையோ, மனச்சோர்வுக்கான ட்ரைசைக்ளிக் வகை மாத்திரைகளையோ, மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரினையோ உட்கொள்வோரிடத்தில் ரசாயனம் உயிரணுக்களுள் புகுவது தடைப்பட்டு, கட்டி இருந்தும் படம் வெறுமையாக வரலாம். உள்ளே ரத்தம் கசிந்து சிதைந்த கட்டியும், எஸ்.டி.ஹெச்.பி. மரபணுக் கோளாற்றால் எழும் கட்டிகளுட் பலவும் அங்ஙனமே புலப்படாது போகக்கூடும். இதற்கு மாறாக, ஆரோக்கியமான அட்ரீனலும் இயல்பாகவே ஓரளவு ரசாயனத்தை ஏற்பதாலும், எஞ்சியது சிறுநீரில் கழிவதாலும், சுரப்பியின் சாதாரணச் சாயலோ சிறுநீரகத்தில் தேங்கிய நீரோ கட்டியென்ற பிரமையை எழுப்புவதும் உண்டு. குளுக்கோஸ் போன்ற பொருளைக் கொண்டு எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேனிலோ, அட்ரீனலைப் பற்றிய க்ஷயரோகமும் புற்றுநோய் போலவே பிரகாசிக்கலாம்.

இப்பிழைகளின் பலன் அற்பமன்று: பொய்யான பிரகாசத்தை நம்பினால் குற்றமற்ற சுரப்பி கத்திக்கு இரையாகலாம், பொய்யான வெறுமையை நம்பி, முன்னேற்பாடாகத் தரவேண்டிய ஆல்ஃபா தடுப்பு மருந்தைத் தராமல் வேறொரு சத்திரசிகிச்சைக்கு மயக்கம் கொடுத்தால், ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் உயர்ந்து உயிரைக் குடிக்கலாம்.

ஆகவேதான், ரத்தத்திலோ 24 மணிநேரச் சிறுநீரிலோ, அட்ரினலினும் நார் அட்ரினலினும் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின்களை முதலில் அளந்து, அவை மிகுந்திருப்பின் ஸி.டி. ஸ்கேனால் இடத்தைக் கண்டு, கட்டி பரவியிருக்குமோ என்ற சந்தேகம் முதலிய தேவை எழும்போது அணுப்படத்தை நாடுவது முறையாயிற்று. நோயாளி செய்யத்தக்கதும் ஒன்றுண்டு: ஜலதோஷ மாத்திரை உட்பட, தாம் உண்ணும் மருந்துகள் யாவற்றையும் ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே சொல்லிவிட்டு, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை வைத்தியரின் தீர்மானத்துக்கு விட்டுவிடுவது.