ஆடு மாடுகளின் தோலைக் காக்கும் மூலிகைகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. தோலில் ஏற்படும் குறைகளுள் பல, கால்நடை உயிரோடு நம் கொட்டிலில் இருக்கும்போதே உண்டாகின்றன. உண்ணிக்கடி, சொறி, ஆறாத புண் ஆகியவை இவற்றில் முக்கியமானவை.

உண்ணி கடித்த தழும்பு மயிருக்குள் மறைந்திருக்கும். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை நீக்கியபின் புள்ளி புள்ளியாய்த் தெரியும். சாயம் ஏற்றினாலும் மறையாது. தோல் கடைசித் தரத்துக்குத் தள்ளப்படும். கறிக்கு விற்கும்போது இந்த இழப்பு நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் இரத்தம் குறைந்து, எடையும் பாலும் குறைவது நேரடி நட்டமே. தைலேரியா, பபேசியா போன்ற காய்ச்சல்களையும் உண்ணிகள் பரப்புகின்றன.

உண்ணிக்கு மருந்து

தோல் நோய்க்கென ஆஸ்திரேலியாவின் தேயிலை மர எண்ணெய் இப்போது கடைகளில் கிடைக்கிறது. அது நம் தேயிலையிலிருந்து எடுப்பதன்று, விலையும் அதிகம், கால்நடை நக்கினால் நஞ்சாகலாம். நம் வேலியோரத்து மூலிகைகளே போதும்.

பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி இலை ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி எடுத்து அரைக்கவும். 1 லிட்டர் நீரில் கலந்து வடிகட்டி, வெயில் நேரத்தில் உடலெங்கும் தெளிக்கவும். அல்லது துணியில் நனைத்துத் துடைக்கவும். கண், வாயில் படக்கூடாது. காயும்வரை நக்கவிடாதீர்கள். வாரம் ஒருமுறை, உண்ணி நீங்கும்வரை செய்யவும்.

இரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே கொட்டிலின் இடுக்குகளிலும் தெளிப்பது அவசியம். இதை விட்டுவிட்டால் மருந்து பயன்தராது.

புண்ணுக்கு மருந்து

குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலைகள் ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம் சேர்த்து அரைத்து, 500 மில்லி தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவிடவும். புண்ணைக் கழுவித் துடைத்துத் தடவவும். புழு வைத்திருந்தால் முதல் நாள் சீத்தா இலையை அரைத்துப் பூசவும்.

எப்போது மருத்துவரிடம் செல்வது?

மயிர் கொட்டி, தோல் தடித்து, ஆடு ஓயாமல் உரசினால் அது சொறியாக இருக்கலாம். அந்த ஆட்டைப் பட்டியிலிருந்து உடனே பிரிக்கவும். சில வகைச் சொறி மனிதருக்கும் தொற்றும். தொட்டபின் கையைச் சோப்பால் கழுவவும். காய்ச்சல், உடலெங்கும் கட்டிகள், சிவந்த சிறுநீர் கண்டால் மூலிகையை நம்பி நாள் கடத்தாமல் கால்நடை மருந்தகத்தை அணுகவும்.

ஆறிய புண்ணின் தழும்பு அழியாது. எனவே வாரம் ஒருமுறை காது, வால் அடி, மடி, தொடை இடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் கால்நடையும் நலம்பெறும். தோலும் தரம் கெடாது.