செவிக்கு முதலிடம்: இணையவழி ஒலியும் காணொளியும் அனுப்பப் பயின்ற வரலாறு

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்பதனை 42-ஆம் அதிகாரமாக வைத்தார். நூலைக் கையிற்கொண்டு கற்க வாய்ப்பில்லாதார்க்கும் செவி என்னும் வாயில் திறந்தே இருக்கிறது என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். அவ்வாயிலுக்கு இக்காலத்தில் இணையம் புதியதொரு வழி அமைத்துத் தந்துள்ளது. வகுப்பறையிற் பேசப்படுவதை ஒலியாகவும் காணொளியாகவும் பக்குவஞ்செய்து, இணையதளத்தின் வழியே தொலைவிலுள்ளார்க்கு அனுப்பும் கலையை யாம் கடந்த ஆண்டில் ஒருவாறு பயின்றோம். பயின்றதனையும், பயிலுங்கால் இடறியதனையும் ஈண்டுச் சுருக்கமாய் எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டியிருப்பது குருபரப்பள்ளி. மாந்தோப்பும் கேழ்வரகு வயலும் ஒருபுறமும், தொழிற்சாலைகள் மற்றொருபுறமுமாக விளங்கும் இவ்வெல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவிற் கேட்கும். இங்கே ஷிப்டு வேலை பார்த்து வாழும் எம் பழைய மாணவர் சிலர், தவறிய பாடங்களை மீண்டும் எழுதித் தேற விரும்பினர். "ஐயா, வகுப்புக்கு வர எங்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை, வகுப்பை எங்களிடம் அனுப்ப இயலுமா?" என்று அவர்கள் கேட்ட கேள்வியே எம் பயிற்சிக்கு வித்தாயிற்று.

யாம் முதலிற் செய்தது பிழை. நல்ல காமிரா ஒன்றை இரவல் பெற்று, வகுப்பறையின் கடைசி வரிசையில் நிறுத்தி, ஒரு மணி நேரப் பாடத்தை மிகத் தெளிவான படமாகப் பதிந்தோம். வினாடிக்கு 80 லட்சம் பிட் வீதம் பதிந்த அந்தக் கோப்பு 3.6 ஜிகாபைட் அளவினதாயிற்று. மாணவருட் பலருடைய கைப்பேசிக்கு நாளொன்றுக்குக் கிடைப்பதோ ஒன்றரை ஜிகாபைட். ஒரு பாடத்தைக் காண இரண்டு நாளின் பங்கும் போதாது! பொறுமையுடன் அதனை இறக்கிப் பார்த்த ஒருவர், "ஐயா, கரும்பலகை நன்றாய்த் தெரிகிறது, மின்விசிறியின் ஓசையும் நன்றாய்க் கேட்கிறது, தாங்கள் சொன்னதுதான் காதில் விழவில்லை" என்றார். கண்ணுக்கு விருந்து சமைக்கப் புகுந்து செவியைப் பட்டினி போட்டோம் என்பது அப்பொழுதே எமக்குப் புலனாயிற்று.

நம் முன்னோர்க்கு இப்பிழை நேரவில்லை. அவர்கள் கையில் ஒலி ஒன்றே இருந்தது. 1924-இல் சென்னையில் வானொலி ஆர்வலர் ஒரு சங்கமாகக் கூடி ஒலிபரப்பைத் தொடங்கினர். பொருள் முடையால் அது நின்றுபோக, 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1935-இல், நம் எல்லைக்கு அப்பால் மைசூரில், உளநூற் பேராசிரியராகிய எம். வி. கோபாலசாமி என்பார் தம் இல்லத்திலேயே சிறியதொரு நிலையம் அமைத்து ஒலிபரப்பினார். அந்நிலையத்துக்கு வழங்கிய ஆகாசவாணி என்னும் பெயரே பிற்காலத்தில் அகில இந்திய வானொலிக்கும் பெயராயிற்று. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கியது. கல்வி நிலையத்தார் ஒலிபரப்பில் இறங்குவது இந்நாட்டுக்குப் புதிதன்று என்பதற்கு இவை சான்று.

எனினும், வானொலிக்கும் இணையத்துக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. வானொலி மழையை ஒக்கும். பத்துப் பேர் கேட்பினும் பதினாயிரம் பேர் கேட்பினும் நிலையத்தின் செலவு ஒன்றே. இணையமோ குழாய்நீரை ஒக்கும். கேட்பவர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே ஒழுக்கு வேண்டும். வினாடிக்கு 48 கிலோபிட் கொள்ளும் ஒலியை 100 பேர் ஒருங்கே கேட்டால், அனுப்பும் சர்வரிலிருந்து வினாடிக்கு 4,800 கிலோபிட் வெளியேற வேண்டும். ஆதலின் இங்கே சிக்கனமும் கலையின் ஓர் உறுப்பாகிறது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ரியல் ஆடியோ என்னும் கருவி, முழுக் கோப்பும் வந்து சேருமுன்னரே ஒலியைக் கேட்கும் வகை செய்தது. அக்காலத் தொலைபேசிக் கம்பி வினாடிக்குச் சுமார் 14 கிலோபிட்டே தாங்கியதென்பதை நினைத்தால், அச்சிக்கனத்தின் அருமை விளங்கும்.

இனி, ஒலியைப் பக்குவஞ்செய்யும் முறையைக் கூறுவோம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வின் அளவை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாகக் குறித்தலே எண்முறைப் பதிவு. இசைத்தட்டாகிய சி.டி.யில் வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டாக எழுதி, இடம் வலம் என இரண்டு வழியிலும் பதிவர். இவற்றைப் பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட் ஆகும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 மெகாபைட். ஒருவர் பேசும் பேச்சுக்கு இரண்டு வழி வேண்டுவதில்லை, ஒன்றே அமையும். அதனையும் சுருக்கி 48 கிலோபிட்டாக்கினால் ஒரு மணி நேரப் பாடம் 21.6 மெகாபைட்டில் அடங்கிவிடும். பேச்சின் தெளிவும் கெடாது.

இவ்வாறு சுருக்குவது எங்ஙனம்? உரத்த ஓசை ஒன்று ஒலிக்கும்போது அதனை அடுத்த மெல்லோசை நம் செவிக்குப் புலப்படுவதில்லை. கேளாத ஒன்றைச் சுமப்பானேன் என்று அதனை விட்டுவிடுவதே சுருக்கத்தின் சூக்குமம். எம்பி3 என்னும் முறையை வகுத்த ஜெர்மானியருள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா என்னும் பாடகியார் பக்கவாத்தியம் இன்றித் தனிக்குரலிற் பாடிய பாடலைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். வாத்தியக் கூட்டத்திற் பிழை மறைந்துபோகும். தனித்த மனிதக் குரலில் மறையாது. அக்குரல் சிதையாமல் ஒலிக்கும்வரை தம் முறையைத் திரும்பத் திரும்பத் திருத்தினார் என்பர். பாடம் சொல்லும் ஆசிரியரின் குரலும் அத்தகைய தனிக்குரலே.

ஆயினும், முதலிற் கெட்ட ஒலியை எந்தச் சுருக்கமும் சீராக்காது. மைக் வாயிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் இருத்தல் நன்று. வெறுஞ்சுவர் அறையில் குரல் எதிரொலிக்கும்; திரைச்சீலையோ, போர்வையோ, புத்தக அலமாரியோ அதனை விழுங்கிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். வியர்ப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒலியின் மட்டம் உச்ச எல்லைக்கு 6 டெசிபெல்லேனும் கீழே நிற்குமாறு அமைத்தல் வேண்டும். எல்லை கடந்து சிதைந்த ஒலியைப் பின்னர் மீட்க இயலாது. இருமலையும் நெடிய மௌனத்தையும் வெட்டி நீக்குதற்கு ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளே போதும். சுருக்காத மூலப் பதிவைப் பத்திரமாய் வேறிடத்திற் காத்தல் மறக்கலாகாத விதி. சுருக்கியதிலிருந்து மூலத்தைப் பெற முடியாது.

காணொளியின் கணக்கு இதனினும் பெரிது. நீளவாட்டில் 1,920, உயரவாட்டில் 1,080 புள்ளிகள் உள்ள படத்தை, புள்ளிக்கு 24 பிட்டாக, வினாடிக்கு 25 வீதம் காட்டினால், வினாடிக்குச் சுமார் 124 கோடி பிட் ஆகிறது. இதனைச் சுருக்குவோர் ஓர் உண்மையைத் துணைக்கொள்கின்றனர். ஆசிரியர் கையை அசைக்கிறார், கரும்பலகை அசைவதில்லை. ஆகவே முழுப்படம் ஒன்றை எழுதிவிட்டு, அதனைத் தொடர்ந்து வருவனவற்றில் மாறிய பகுதியை மட்டும் எழுதிச் செல்வர். சில வினாடிக்கொருமுறை மீண்டும் ஒரு முழுப்படம் எழுதுவர். அசைவு குறையக் குறையக் கோப்பும் குறையும். காமிராவைக் கையிற் பிடிக்காது முக்காலியில் நிறுத்துக என்று வற்புறுத்துவதன் காரணம் இதுவே. 2003-இல் வகுக்கப்பெற்ற ஹெச்.264 என்னும் சுருக்க முறை பழைய கைப்பேசியிலும் இயங்கும். 2018-இல் வந்த ஏவி1 அதனினும் சிக்கனமானது. ஆயினும் பழைய கருவிகள் அதனை விரித்துக் காட்ட இடர்ப்படும். எம் மாணவர் கையில் உள்ளது எதுவோ அதுவே எமக்கு அளவுகோல். ஆகவே பழையதனையே கொண்டோம்.

இவ்வாறு பக்குவமான கோப்பை இணையதளத்தில் ஏற்றியபோதும் ஓர் இடையூறு நேர்ந்தது. பொத்தானை அழுத்தியவுடன் பாடம் தொடங்காமல், வட்டம் ஒன்று சுழன்றுகொண்டே நின்றது. பல நாள் தேடிக் காரணம் கண்டோம். எம்பி4 என்னும் கோப்பில், எந்தப் படம் எவ்விடத்தில் உள்ளது என்று கூறும் அட்டவணை ஒன்று உண்டு. பதிவு முடிந்த பின்னரே அது எழுதப்படுவதால், கோப்பின் கடைசியில் அமைந்துவிடுகிறது. பொருளடக்கம் இறுதிப் பக்கத்தில் அச்சான புத்தகத்தைப்போல, அது வரும்வரை கருவிக்கு வழி தெரிவதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருளில் ஒரு கட்டளையால் அவ்வட்டவணையை முன்னே கொணர்ந்தோம். பாடம் உடனே தொடங்கிற்று.

நீண்ட காணொளிக்கு இன்னும் சிறந்த வழி உளது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஹெச்.எல்.எஸ். என்னும் முறையில், பாடத்தை ஏறக்குறைய ஆறு வினாடித் துண்டுகளாக நறுக்குவர். ஒவ்வொரு துண்டையும் பல தரத்தில் ஆக்கி வைப்பர். யாம் மூன்று படி அமைத்தோம்: 720 வரிப் படம் வினாடிக்கு 1,500 கிலோபிட், 360 வரிப் படம் 400 கிலோபிட், படமின்றி ஒலி மட்டும் 48 கிலோபிட். இவற்றின் பட்டியலைக் கைப்பேசி முதலிற் படித்துக்கொள்ளும். பின்னர், அலைத்தொடர்பு வலுத்திருக்கும்போது மேற்படியையும் மெலியும்போது கீழ்ப்படியையும் தானே தெரிந்துகொள்ளும். அடுத்து வரும் துண்டுகள் சிலவற்றை முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொள்வதால் சிறு தடைகள் புலப்படா. களத்துமேட்டுக் குதிரில் நெல் இருக்குமளவும் ஒருநாள் சந்தை கூடாவிடினும் அடுப்பு எரிவதுபோல என்க.

இம்மூன்று படியையும் சோதிக்க யாம் குருபரப்பள்ளிக்கே சென்று, மாணவர் நால்வர் கூடி வாழும் வாடகை அறையில் அமர்ந்தோம். கல்லூரியின் வேகமான இணைப்பிற் சோதித்தது சோதனையாகாது என்று அன்று உணர்ந்தோம். அறையின் உட்புறத்தில் மேற்படி நில்லாமல் நழுவியது. நடுப்படி பெரும்பாலும் நின்றது. ஒலிப்படி ஒருகாலும் அறவில்லை. படம் மறைந்தாலும் பொருள் விளங்குமாறு பாடத்தை அமைக்க வேண்டும் என்று அப்போது துணிந்தோம். அதன்பின், கரும்பலகையிற் சுட்டிக்காட்டி, "இதனைப் பாருங்கள்" என்று கூறுவதை எம் ஆசிரியர் விட்டொழித்து, எழுதுவதனை வாயாலும் சொல்லத் தலைப்பட்டனர். கருவி கற்பித்த பாடம் கற்பிப்பார்க்கும் பயன்பட்டது!

பயிலுவோர்க்கு இரண்டு கடமைகளையும் நினைவூட்டுவோம். முதலாவது, பேசியவரின் இசைவின்றி அவர் குரலையோ உருவத்தையோ வெளியிடலாகாது. பிறர் இயற்றிய இசையைப் பின்னணியிற் சேர்ப்பதற்கும் உரியவரின் அனுமதி வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதற்கு ஆதாரம். இரண்டாவது, காணொளியின் கீழே பேச்சை எழுத்தாகவும் தருதல். செவிப்புலன் குன்றியோர்க்கு அதுவே வாயில். இரைச்சல் மிக்க பேருந்திற் செல்வார்க்கும், தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாகக் கொண்டு தமிழிற் பயில்வார்க்கும் அது பெருந்துணை. கருவி தானாக எழுதித் தருவதை அப்படியே ஏற்காது, ஒருவர் இருந்து திருத்துதல் இன்றியமையாதது.

2019-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020-இல் நோய்ப்பரவலால் பள்ளிகள் அடைபட்டபோது எத்துணை வீடுகளுக்கு வகுப்பறையாயிற்று என்பதை நாம் அறிவோம். அத்தகைய பெருமுயற்சி அரசுக்கே இயலும். எனினும், ஒரு மைக்கும், ஒரு கணினியும், இலவச மென்பொருள்களும், கேட்பவர் யாவர் என்னும் நினைவும் இருப்பின், ஒரு கல்லூரியும் தன் மாணவரைத் தேடிச் செல்ல இயலும். இந்நான்கனுள் கடைசியாகக் கூறியதே தலையாயது.

அண்மையில் அம்மாணவருள் ஒருவர், இரவு வேலை முடிந்து கம்பெனிப் பேருந்தில் திரும்புங்கால் ஒலிப்படியில் மூன்று பாடங்களைக் கேட்டு முடித்ததாகவும், நான்காவது பாடத்தில் ஓரிடத்தில் லாரியின் ஓசை குறுக்கிட்டு ஒரு சூத்திரம் கேளாது போயிற்று என்றும் எழுதியிருந்தார். அவ்விடத்தை மறுபடி பதிந்து ஏற்றினோம். அவர் எழுதிய தேர்வின் முடிவு இவ்விதழ் அச்சேறும்வரை வந்திலது. அடுத்த பருவத்துக்கு இன்னும் பதினெட்டுப் பாடங்கள் பதிய வேண்டியுள்ளன. வார்த்தையைத் தெளிவுற உச்சரிக்கவல்ல மாணவரும், ஓய்வு நேரத்தைத் தரவல்ல பழைய மாணவரும் சனிக்கிழமை மாலைதோறும் எம்முடன் வந்து கூடுவாராக.