‘கட்டணம் ஜீரோ’ன்னா காசு எங்கே குறையுது? வெளிநாட்டுப் பணம் ஊர் வந்து சேரும் வழி

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ப் பார்த்தால், பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் வரிசை நிற்கும். எல்லார் கண்ணும் ரேட் போர்டு மேல்தான். இன்னிக்கு ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய்? அதே ஊரில் ஐ.டி. வேலையில் இருப்பவர் இதே கேள்வியை செல்போனில் கேட்கிறார். ஆப்பைத் திறந்ததும் ‘கட்டணம் இல்லை’ என்று பெரிய எழுத்தில் வருகிறது. ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேரும் தொகையை இரண்டு ஆப்களில் ஒப்பிட்டுப் பார்த்தால் சில நூறு ரூபாய் வித்தியாசம். கட்டணமே இல்லைன்னா அந்தக் காசு எங்கே போச்சு?

இது சின்னத் தொகை சமாசாரம் இல்லை. 2024-25 நிதியாண்டில் வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் அனுப்பிய பணம் 13,500 கோடி டாலருக்கு மேல். ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்பின்படி இதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். மகாராஷ்டிரமும் கேரளமும்தான் நமக்கு முன்னால்.

பணம் பறக்கிறதா?

இல்லை. கடல் தாண்டுவது பணம் அல்ல, தகவல்தான். பழைய மணியார்டரை நினைத்துப் பாருங்கள். சென்னையில் நீங்கள் கட்டிய அதே நோட்டையா திருநெல்வேலியில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார்? அங்கே கட்டினார்கள் என்ற செய்தி வந்தது, இங்கே இருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். வெஸ்டர்ன் யூனியன் 1851-ல் தொடங்கிய தந்தி கம்பெனி. அந்தத் தந்திக் கம்பியை வைத்தே 1871-ல் பணம் அனுப்பும் சேவையைத் தொடங்கியது. 2006-ல் தந்தியை நிறுத்திவிட்டார்கள். பணம் அனுப்பும் தொழில் நிற்கவில்லை.

இன்றைய ஆப்களுக்குள்ளும் ஓடுவது இதே யோசனைதான். துபாயில் இருந்து நீங்கள் அனுப்பியதும் சில நிமிடத்தில் அம்மாவின் கணக்கில் ரூபாய் ஏறுகிறது அல்லவா? உங்கள் திர்ஹாம் அதற்குள் இந்தியா வந்துவிடவில்லை. அந்த கம்பெனி ஏற்கெனவே இந்திய வங்கி ஒன்றில் ரூபாயைப் போட்டு வைத்திருக்கிறது. உங்கள் தகவல் வந்ததும் அதிலிருந்து எடுத்து, உள்ளூர் பணப் பரிமாற்றம் போலவே அம்மா கணக்கில் போட்டுவிடுகிறார்கள். கையிருப்பு குறையும்போது கம்பெனி மொத்தமாக டாலரை விற்று ரூபாயை நிரப்பிக்கொள்ளும். சனி, ஞாயிறு அன்னியச் செலாவணிச் சந்தை மூடியிருக்கும். திங்கட்கிழமை ரேட் எப்படி இருக்குமோ என்ற பயத்தில் சில கம்பெனிகள் வார இறுதியில் ரேட்டைக் கொஞ்சம் குறைத்தே கொடுக்கும்.

லண்டனில் 2011-ல் தொடங்கிய வைஸ், இந்தக் கணக்கையே எளிமையாக்கியது. அதை ஆரம்பித்த எஸ்டோனியர்கள் இருவரில் ஒருவருக்கு யூரோவில் சம்பளம், செலவு பவுண்டில். இன்னொருவருக்கு பவுண்டில் சம்பளம், வீட்டுக் கடனோ எஸ்டோனியாவில். இவர் அவருக்கு பவுண்டைக் கொடுத்தார், அவர் இவருக்கு யூரோவைக் கொடுத்தார். எல்லை தாண்டி ஒரு காசு கூடப் போகவில்லை.

வங்கி வழியாக ஸ்விஃப்ட்டில் அனுப்பினால் கதை வேறு. ஸ்விஃப்ட்டும் தகவல் அனுப்பும் வலைப்பின்னல்தான். ஆனால் உங்கள் வங்கிக்கும் அம்மாவின் வங்கிக்கும் நேரடித் தொடர்பு இல்லாவிட்டால் நடுவில் ஒன்றிரண்டு வங்கிகள் நுழையும். ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிடிக்கலாம். டாலராகவே வந்து இங்கே ரூபாயாக மாறினால், மாற்றும் வங்கியின் ரேட் ஒரு பக்கம், ஜி.எஸ்.டி. குறைந்தபட்சம் 45 ரூபாய் இன்னொரு பக்கம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கணக்குக்காக, சந்தையில் ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் தேடினால் வருவது இந்த நடு ரேட். நீங்கள் அனுப்புவது 1,000 டாலர்.

முதல் கம்பெனி ‘கட்டணம் இல்லை’ என்கிறது. ஆனால் தருகிற ரேட் 64.10. வீட்டுக்குப் போவது 64,100 ரூபாய். இரண்டாவது கம்பெனி 5 டாலர் கட்டணம் பிடிக்கிறது, மீதி 995 டாலருக்கு 64.90 தருகிறது. வீட்டுக்குப் போவது 64,575 ரூபாய். இலவசம்னு சொன்னவர் எடுத்தது கிட்டத்தட்ட 14 டாலர். கட்டணம் கேட்டவர் எடுத்தது ஆறரை டாலர்தான். மாதாமாதம் அனுப்புபவருக்கு வருடத்தில் 5,700 ரூபாய் வித்தியாசம்.

இதில் ஏமாற்று வேலை என்று சட்டப்படி எதுவும் இல்லை. ரேட்டை திரையில் காட்டத்தான் செய்கிறார்கள். கண் மட்டும் கட்டணக் கட்டத்துக்குப் போகும்படி வடிவமைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ‘முதல் முறை அனுப்புவோருக்குச் சிறப்பு ரேட்’ என்பதும் இதே வகை. இரண்டாவது மாதம் அந்த ரேட் இருக்காது. ஆகவே கட்டணத்தையும் பார்க்க வேண்டாம், ரேட்டையும் பார்க்க வேண்டாம். என் கையிலிருந்து இத்தனை டாலர் போகிறது, அங்கே எத்தனை ரூபாய் விழும் என்ற ஒரே எண்ணை இரண்டு மூன்று ஆப்களில் ஒரே நேரத்தில் பாருங்கள்.

குறைவாக அனுப்புபவருக்குத்தான் அடி அதிகம். அதே 5 டாலர் கட்டணம் 1,000 டாலருக்கு அரை சதவீதம், 200 டாலருக்கு இரண்டரை சதவீதம். 200 டாலர் அனுப்புவதற்கான உலக சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கும் மேல் என்கிறது உலக வங்கி. 2030-க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு. கையில் ரொக்கமாகக் கட்டி, ரொக்கமாக வாங்கும் வழிக்கு இரு பக்கமும் ஏஜென்ட் கமிஷன் உண்டு என்பதால் பெரும்பாலும் அதுதான் விலை கூடியது. அமெரிக்காவில் 2026 ஜனவரி 1 முதல் ரொக்கமாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு ஒரு சதவீத வரியும் சேர்ந்துவிட்டது. அமெரிக்க வங்கிக் கணக்கில் இருந்தோ டெபிட் கார்டில் இருந்தோ அனுப்பினால் அந்த வரி இல்லை.

இந்தியாவுக்குள் எந்த வாசல்?

ரிசர்வ் வங்கி இந்தச் சேவைகளுக்கு முக்கியமாக இரண்டு வாசல் வைத்திருக்கிறது. ஒன்று, எம்.டி.எஸ்.எஸ். எனப்படும் பணப் பரிமாற்றச் சேவைத் திட்டம். வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் போன்றவை வருவது இதன் வழியே. ஒரு முறைக்கு 2,500 டாலர் வரைதான், ஒருவர் ஆண்டுக்கு 30 முறைதான் பெறலாம். கையில் ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் தருவார்கள், அதற்கு மேல் காசோலை அல்லது வங்கிக் கணக்கு. குடும்பச் செலவுக்கு மட்டுமான வாசல் இது. மனை வாங்க, முதலீடு செய்ய, என்.ஆர்.இ. கணக்கில் போட இது உதவாது. நிறையப் பேருக்கு இது தெரியாமலேயே இருக்கிறது.

இன்னொன்று, வளைகுடா எக்ஸ்சேஞ்ச் கடைகள் பயன்படுத்தும் ரூபாய் ஏற்பாடு. அந்தக் கடை இந்திய வங்கியில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும். குடும்பத்துக்கு அனுப்பும் பணத்துக்கு இதில் உச்சவரம்பு இல்லை.

இனிஷியல் பிரச்சினை

பணம் ‘பெண்டிங்’கிலேயே நிற்கிறது என்றால், பெயரில் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுப்புபவர், பெறுபவர் இருவரின் பெயரையும் தடைப் பட்டியல்களோடு கணினி ஒப்பிடும், பெறுபவரின் அடையாள அட்டையோடும் சரிபார்ப்பார்கள். இங்கேதான் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் ‘ஆர். செல்வி’, வங்கிப் புத்தகத்தில் ‘செல்வி ராமசாமி’, ஆப்பில் நீங்கள் போட்டதோ ‘செல்வி’ மட்டும். மனுஷங்களுக்கு இது ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். கணக்குக்கு அனுப்பினால் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியும், கவுன்டரில் ரொக்கமாக வாங்குவதானால் அவர் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியும் போடுங்கள். அனுப்பியதற்கான எண்ணை அம்மாவுக்கு மட்டும் சொல்லுங்கள். ‘பரிசு விழுந்திருக்கிறது, வெரிஃபிகேஷனுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புங்க’ என்று பேசியவருக்கு ரொக்கமாகப் போய்விட்டால் திரும்ப வாங்குவது மிகவும் கஷ்டம். மோசடிக்காரர்களுக்குத் துணைபோன ஏஜென்ட்களைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்காக வெஸ்டர்ன் யூனியனே 2017-ல் அமெரிக்க அரசிடம் 58.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ரேட் நல்லா இருக்கு, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று உண்டியலில் போடுபவர்களும் உண்டு. ஃபெமா சட்டப்படி அது குற்றம். ரசீது கிடையாது. பின்னால் வீடு வாங்கும்போது ‘இந்தப் பணம் எங்கிருந்து வந்தது’ என்று வருமான வரித்துறை கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. முறையான வழியில் வந்ததற்கு வங்கி சான்று தரும். மகனோ மகளோ பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கு இங்கே வருமான வரியும் இல்லை.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2023 பிப்ரவரி 21-ல் நம் யு.பி.ஐ.யையும் அந்த ஊர் பேநௌவையும் இணைத்தார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. இரண்டுமே முதல் நாளில் இருந்து இதில் இருக்கின்றன. இங்கேயும் ரேட்டை வங்கிதான் வைக்கிறது, அதனால் ‘எத்தனை ரூபாய் விழும்’ என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். தொடங்கியபோது வைத்த வரம்பு ஒரு நாளைக்கு 60,000 ரூபாய். அம்மாவின் மாதச் செலவுக்கு அது தாராளம். மனைக்கு முன்பணம் கட்டணும்னா என்.ஆர்.இ. கணக்கில் போட்டு எடுப்பது ஒரு வழி.